கேள்வி பதில்: பிளவின் மேல் ஒரு மைதானம்

கே: அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்தின் ஃபுட்பால் மைதானம் பூகம்பக் கோட்டின் மேலேயே இருக்கிறது என்று என் மருமகன் சொல்கிறார். உண்மையா? (ஒரு வாசகி, திண்டுக்கல்)

ப: உண்மைதான் அம்மா. (அவர்கள் ஃபுட்பால் என்பது பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்க ஆட்டம்.) நானே கை வைத்துப் பார்த்திருக்கிறேன். 2008 கோடையில் மகளைப் பார்க்க பெர்க்லி போயிருந்தேன். அங்கே கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் மெமோரியல் ஸ்டேடியத்தைச் சுற்றி நடக்கும்போது, வெளிச்சுவரில் ஓர் இணைப்பைக் காட்டினாள். ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டிய சுவர். ஒரு பக்கம் முன்னால் வந்திருக்க, மறுபக்கம் பின்தங்கி நின்றது. நடுவில் என் உள்ளங்கை முழுசாகப் போய்விட்டது. எந்தப் பூகம்பமும் அதை உடைக்கவில்லை. உங்கள் மருமகன் சொன்ன பூகம்பக் கோடு, அதாவது நிலப்பாறை பிளந்து இரு பக்கமும் உரசி நகரும் ஹேவர்டு பிளவு, அடியில் ஓடுகிறது. அது வருடத்துக்கு நாலைந்து மில்லிமீட்டர் நகர்கிறது, அவ்வளவுதான். மைதானம் கட்டிய 1923லிருந்து நகர்ந்து நகர்ந்து ஓர் அடியைத் தாண்டிவிட்டது.

கட்டியவர்களுக்கு இது தெரியாமல் இல்லை. 1868லேயே அந்தப் பிளவு ஒரு பெரிய பூகம்பத்தைக் கொடுத்திருக்கிறது. அதனால்தான் மைதானத்தை இரண்டு பாதிகளாகக் கட்டி, நிலம் நகர இடம் விட்டார்கள். முதல் உலகப் போரில் இறந்த கலிஃபோர்னியர்களின் நினைவாக, மக்களிடம் பணம் திரட்டி எழுப்பிய இடம் அது. 1923 நவம்பர் 24 அன்று முதல் ஆட்டம். பரம எதிரியான ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக அணியை 9-0 என்று வென்றார்கள்.

நான் போனபோது மைதானத்தை ஒட்டிய ஓக் மரங்களின் மேல் இளைஞர்கள் குடியிருந்தார்கள். வீரர்களுக்குப் பயிற்சிக்கூடம் கட்ட அந்த மரங்களை வெட்டக் கூடாது என்று 2006 டிசம்பரிலிருந்து போராட்டம். கீழிருந்து கயிற்றில் சாப்பாடு ஏறியதை நின்று பார்த்தேன். அந்த செப்டம்பரில் மரங்களை வெட்டி, அவர்களையும் இறக்கிவிட்டார்கள். எனக்கு இன்றும் அது வருத்தம்தான்.

அப்புறம் மைதானத்தையே பிரித்துக் கட்டினார்கள். 2011இல் அணி சான் பிரான்சிஸ்கோவின் பேஸ்பால் மைதானத்தில் ஆடியது. 2012 செப்டம்பரில்தான் வீடு திரும்பியது. செலவு சுமார் 32 கோடி டாலர். பிளவின் மேல் வரும் இருக்கைப் பகுதிகளைத் தனித்தனித் துண்டுகளாக, மணலும் பிளாஸ்டிக் விரிப்பும் பரப்பிய படுகையில் வைத்திருக்கிறார்கள். நிலம் நகர்ந்தால் அந்தத் துண்டுகள் வழுக்கி நகரும். பக்கத்துச் சுவரை இழுக்காது. பிளவை மூடவோ மறைக்கவோ பார்க்காமல் அதற்கு வழிவிட்ட இந்தப் புத்தியை நான் மனதார மதிக்கிறேன்.

கே: மைதானத்துக்குள் இறங்கிய பேண்டு வாத்தியக் குழுவின் நடுவே ஓடி ஜெயித்த அணி இதுவா? (ஒரு மாணவர், கோவை)

ப: இதே அணி, இதே மைதானம், 1982 நவம்பர் 20. நாலு விநாடி மிச்சம். ஸ்டான்ஃபோர்டு 20-19 என்று முன்னால். உதைத்து வந்த பந்தை கலிஃபோர்னியா வீரர்கள் ஐந்து முறை கைமாற்றிக்கொண்டே ஓடினார்கள். ஆட்டம் முடிந்தது என்று நினைத்து ஸ்டான்ஃபோர்டு வாத்தியக் குழு உள்ளே இறங்கிவிட்டது. கெவின் மோயன் அந்தக் கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய்ப் புள்ளி எடுத்து, அதே வேகத்தில் டிராம்போன் வைத்திருந்த மாணவர் மேல் விழுந்தார். 25-20. அன்று ஸ்டான்ஃபோர்டுக்கு ஆடிய, பின்னாளில் பெரும் புகழ் பெற்ற வீரரான ஜான் எல்வேக்கு அது கடைசிக் கல்லூரி ஆட்டம்.

டிக்கெட் வாங்காமலும் பார்க்கலாம் தம்பி. மைதானத்துக்கு மேலே ஒரு குன்று இருக்கிறது. மைதானம் கட்டிய காலத்திலிருந்து இன்றுவரை அங்கே உட்கார்ந்து இலவசமாகப் பார்க்கிறவர்கள் உண்டு.