ஆயத்தக் கொட்டகையைச் சட்டப்படி வீடாக்க முடியுமா?

ஆயத்தக் கொட்டகை, அதாவது முன்பே செய்து கொண்டுவந்து நிறுத்தும் கொட்டகை, ஒன்றை வாங்கி, அதிலேயே நிரந்தரமாகக் குடியிருக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். குடியிருக்கலாம், ஆனால் பொருள் வைக்கும் இடமாகப் பதிவான கட்டடம், குடியிருப்பு அனுமதி கிடைக்கும்வரை, உள்ளே எவ்வளவு அழகு செய்தாலும் சட்டத்தின் கண்ணில் கொட்டகைதான். ஆகவே முதலில், அந்த மனையில் சிறு வீட்டுக்கு அனுமதி உண்டா என்று உள்ளாட்சி அலுவலகத்தில் விசாரியுங்கள்.

அமெரிக்காவின் மாதிரிக் கட்டட விதித்தொகுப்பு, 2018ஆம் ஆண்டுப் பதிப்பின் பின்னிணைப்பில், பரண் நீங்கலாக 400 சதுர அடிக்கு மிகாததைச் சிறு வீடாக ஏற்று, வசிக்கும் அறைக்கு 6 அடி 8 அங்குல உயரம் கேட்கிறது. ஊர் நிர்வாகம் அதை ஏற்றிருந்தால்தான் செல்லும்.

பலர் இடறுவது அடித்தளத்தில்: சரளைமேல் மரச்சட்டத்தில் நிற்கும் கொட்டகையை, காற்று தூக்காதபடி கான்கிரீட்டோடு பிணைக்க வேண்டும். மின்கம்பியும் குழாயும் ஓடியபின், சுவர்ப்பலகை அடிக்குமுன் ஆய்வாளர் பார்த்தாக வேண்டும். அவசரப்பட்டு மூடினால் பிரித்துக் காட்ட நேரும்.