மைதானத்துக்காகத் தேர்தலில் நின்றவர்கள்

கேள்வி: என் மகன் கல்லூரியில் படிக்கிறான். சனிக்கிழமை ராத்திரி ஆனால் இங்கிலாந்து கால்பந்து ஆட்டம் பார்க்க உட்கார்ந்துவிடுவான். பிரைட்டன் அணி என்றால் அவனுக்கு உயிர். அந்த அணிக்குப் புது ஸ்டேடியம் வரவிடாமல் தடுத்த பக்கத்து ஊர் கவுன்சிலை எதிர்த்து ரசிகர்கள் வருஷக்கணக்கில் போராடினார்களாம். பெருமையாகச் சொல்கிறான். குடிதண்ணீருக்கோ சாக்கடைக்கோ போராடினால் அர்த்தம் உண்டு. பந்து உதைக்கிற இடத்துக்காகக் கவுன்சிலோடு மல்லுக்கட்டுவது வேறு சோலி இல்லாதவர்கள் செய்கிற காரியம்தானே?
(பாளையங்கோட்டை வாசகர் ஒருவர்)

பதில்: நான் உங்கள் மகன் பக்கம். 'வேறு சோலி இல்லாதவர்கள்' என்ற சொல்லை நீங்கள் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். அதற்காகவே இந்தப் பதிலைச் சற்று நீளமாக எழுதுகிறேன்.

பிரைட்டன் அணி 1902 முதல் ஆடிவந்த மைதானத்துக்குக் கோல்ட்ஸ்டோன் என்று பெயர். கடனை அடைக்க வேண்டும் என்று சொல்லி அணியின் நிர்வாகமே அதை விற்றுவிட்டது. 1997 ஏப்ரல் 26இல் அங்கே கடைசி ஆட்டம். அடுத்து எங்கே போவது என்று முடிவாகும் முன்பே பழைய இடம் கைமாறிப்போனது. தாத்தா காலத்திலிருந்து சனிக்கிழமைதோறும் குடும்பம் குடும்பமாகப் போய் நின்ற இடத்தில் இன்று கடைகள் நிற்கின்றன.

அடுத்த இரண்டு சீசனும் அந்த அணி 'சொந்த மைதான' ஆட்டங்களைக் கில்லிங்காம் என்ற ஊரில் போய் ஆடியது. ஏறத்தாழ 70 மைல். நம் கணக்குக்கு, நெல்லை அணியின் உள்ளூர் ஆட்டத்தைப் பார்க்க விருதுநகருக்கு பஸ் ஏறுவது மாதிரி. ஒரு நாள் போகலாம். இரண்டு வருஷம் யார் போவார்கள்? அவர்கள் போனார்கள். 1999இல் ஊருக்குத் திரும்பியபோதும் கிடைத்தது ஓட்டப்பந்தயத்துக்காகக் கட்டிய வித்டீன் என்ற சின்ன மைதானம்தான். தற்காலிகமாக என்று போட்ட பெஞ்சுகளில் மழையில் நனைந்துகொண்டே பன்னிரண்டு வருஷம் உட்கார்ந்திருந்தார்கள்.

புது ஸ்டேடியத்துக்குக் குறித்த இடம் ஃபால்மர். பிரைட்டன் நகரத்தின் ஓரம்; பல்கலைக்கழகமும் ரயில் நிலையமும் பக்கத்திலேயே உண்டு. 1999இல் நகர மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தினார்கள். மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் 'கட்டலாம்' என்றது. 2002இல் நகர கவுன்சிலும் அனுமதி கொடுத்தது. ஆனால் திட்ட நிலத்தின் ஒரு துண்டு எல்லையைத் தாண்டி லூயிஸ் மாவட்ட கவுன்சிலின் பகுதிக்குள் கிடந்தது. லூயிஸ் கவுன்சில் முடியாது என்று நின்றுவிட்டது. மாநகராட்சி எல்லை முடிகிற இடத்தில் தார் ரோடு நின்றுபோய் ஊராட்சியின் குண்டும் குழியும் தொடங்குவதைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாம். ஒரு கோடு என்னவெல்லாம் செய்யும் என்று நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

லூயிஸ்காரர்களை வில்லனாக்க எனக்கு விருப்பமில்லை. ஃபால்மரை ஒட்டிய சவுத் டவுன்ஸ் குன்றுகள் இயற்கை எழிலுக்காகக் காக்கப்பட்டவை. 2010இல் தேசியப் பூங்காவாகவே ஆனவை. அரசு சார்பில் விசாரணை நடத்திய அதிகாரியும் அந்த இடம் வேண்டாம் என்றுதான் பரிந்துரைத்தார். பாபநாசம் மலையடிவாரத்தில் ஒரு ஸ்டேடியம் கட்டப்போகிறோம் என்று யாராவது வந்தால் எதிர்த்து எழுதும் முதல் ஆள் நானாக இருப்பேன். எதிர்த்த கவுன்சிலுக்கு ஒரு நியாயம் இருந்தது.

ரசிகர்களை நான் மதிப்பது இந்த இடத்தில்தான். வெறும் கூச்சலோடு அவர்கள் நிற்கவில்லை. வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கினார்கள், ஊர்வலம் போனார்கள், அமைச்சருக்குக் கடிதம் எழுதிக் குவித்தார்கள். கூடவே திட்டத்தின் கோப்புகளையும் படித்தார்கள். வேறு இடமே இல்லையா என்பதுதான் வழக்கின் முடிச்சு. மாற்று இடங்களை ஒவ்வொன்றாகப் பரிசீலிக்க விசாரணையை அரசு மறுபடி திறந்தது. 2005 அக்டோபரில் துணைப் பிரதமர் ஜான் பிரெஸ்காட் அனுமதி கொடுத்தார். லூயிஸ் கவுன்சில் நீதிமன்றம் போனது. நகரின் கட்டடப் பகுதி எல்லை எது என்பதில் அமைச்சரின் கடிதத்தில் தவறு இருந்தது. 2006இல் அரசே அதை ஒப்புக்கொண்டது. கையில் வந்த அனுமதி ஒரு வாக்கியப் பிழையால் போய்விட்டது. நினைத்துப் பாருங்கள், ஒன்பது வருஷம் காத்திருந்தவனுக்கு அன்றைக்கு எப்படி இருந்திருக்கும்? திரும்பவும் முதலிலிருந்து தொடங்கினார்கள். 2007 ஜூலையில், பின்னால் வந்த அமைச்சர் ஹேசல் பிளியர்ஸ் மீண்டும் அனுமதித்தார். ஸ்டேடியம் திறந்தது 2011இல். அங்கே நடந்த முதல் லீக் ஆட்டத்தில் எதிரே வந்த அணி டான்காஸ்டர். 1997இல் கோல்ட்ஸ்டோனில் கடைசியாக ஆட வந்ததும் அதே டான்காஸ்டர்தான். இடையில் பதினான்கு வருஷம். உங்கள் மகனிடம் இதைச் சொல்லுங்கள், அவனுக்குத் தெரிந்திருக்கும். தெரியாவிட்டால் அன்று ராத்திரி தூங்கமாட்டான்.

இதற்கும் முந்திய கதை ஒன்று உண்டு. எனக்கு அதுதான் இன்னும் நெருக்கம். லண்டனில் சார்ல்ட்டன் என்றொரு அணி. அவர்களுடைய மைதானம் 'வேலி', ஆங்கிலத்தில் பள்ளத்தாக்கு என்று பொருள். 1938இல் ஒரே ஆட்டத்துக்கு 75,031 பேர் வந்த இடம் அது. 1985இல் அணி அதை விட்டு வெளியேறி, வேறோர் அணியின் மைதானத்தில் வாடகைக்கு ஆடியது. பழைய மைதானத்தில் ஆள் உயரத்துக்குப் புதர் மண்டியது. 1989இல் திரும்பி வருகிறோம் என்று நிர்வாகம் அறிவித்ததும், ரசிகர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து தாங்களே புதரை வெட்டி எரித்தார்கள். 1990 ஜனவரியில் அந்தப் பகுதியின் கிரீனிச் கவுன்சிலுடைய திட்டக் குழு, புதுப்பித்துக் கட்டும் திட்டத்தைப் பத்துக்கு இரண்டு என்ற கணக்கில் நிராகரித்தது.

அந்த வருஷம் மே 3இல் கவுன்சில் தேர்தல். ரசிகர்கள் 'வேலி கட்சி' என்று ஒன்றைத் தொடங்கி, மொத்தம் இருந்த 62 இடங்களில் 60இல் வேட்பாளர் நிறுத்தினார்கள். எங்கள் மைதானத்தை எங்களுக்குத் திருப்பித் தா என்பது ஒன்றுதான் கோரிக்கை. பெரிய கட்சிகளில் ஆளுக்கொரு பக்கம் இருந்தவர்கள் அந்த ஒரு தேர்தலுக்கு ஒன்றாக நின்றார்கள். 14,838 ஓட்டு வாங்கினார்கள், நூற்றுக்குப் பதினொன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு இடத்திலும் ஜெயிக்கவில்லை. ஆனால் திட்டக் குழுவின் தலைவர் தன் இடத்தை இழந்தார். மறு வருஷம் அதே கவுன்சில் அனுமதி கொடுத்தது. 1992 டிசம்பர் 5இல் சார்ல்ட்டன் தன் மண்ணில் இறங்கி, போர்ட்ஸ்மவுத்தை 1-0 என்று வென்றது.

வேறு சோலி இல்லாதவர்களா இவர்கள்? வேலைக்குப் போய்விட்டு வந்து, சாயங்காலம் துண்டறிக்கை கொடுத்தவர்கள்.

குடிதண்ணீரோடு ஒப்பிட்டுக் கேட்டீர்கள். சாக்கடை எந்தப் பக்கம் ஓட வேண்டும், குளத்து வரத்துக்கால் எங்கே அடைபடலாம், எந்த நிலத்தில் வீடு வரலாம், எது பூங்கா என்றெல்லாம் முடிவாவது ஒரே வரைபடத்தில்தான். மைதானத்துக்கு ஒதுக்கிய இடத்தை இன்று வாய் திறக்காமல் விட்டவர்கள், நாளை ஓடையை ஒட்டி மனை போடும்போதும் வாய் திறக்கமாட்டார்கள். அந்த வரைபடத்தைப் பிரித்துப் பார்க்கும் பழக்கம் ஏதாவது ஓரிடத்தில் தொடங்க வேண்டும். இருபது வயதுப் பையனுக்கு அது பந்திலிருந்து தொடங்கினால் எனக்குச் சந்தோஷம்.

என் கதை ஒன்று. நான் படித்த பள்ளிக்குப் பின்னால் ஒரு பொட்டல் இருந்தது. நாலு மணி மணியடித்ததும் பையை மூலையில் வீசிவிட்டு ஓடுவோம். ஆளுக்கொரு செருப்பைக் கழற்றிப் போட்டால் கோல் போஸ்ட். எழுபது எண்பது பேர் இருப்போம். மூன்று ஆட்டம் குறுக்கும் நெடுக்குமாக ஒரே நேரத்தில் நடக்கும், எவன் பந்து எவனுடையது என்று தெரியாது. ஒரு திங்கட்கிழமை போனால் தரை முழுக்கச் சுண்ணாம்புக் கோடு, நாலு முக்கிலும் கல். வீட்டில் போய்ச் சொன்னோம். "ஏல, அது அவுக இடம். நமக்கெதுக்குல அந்தச் சோலி?" என்றார்கள். அதோடு முடிந்தது.

பத்திரிகை வேலைக்கு வந்து பல வருஷம் கழித்து வேறு எதற்கோ தேடும்போது அந்தக் கோப்பு என் கையில் சிக்கியது. பழைய வரைபடத்தில் அந்தப் பொட்டல் விளையாட்டிடம் என்றே குறித்திருந்தது. அதை மாற்றுவதற்கு ஆட்சேபம் உண்டா என்று முறைப்படி அறிவிப்பும் கொடுத்திருக்கிறார்கள். ஆட்சேபங்கள் என்ற தலைப்புக்குக் கீழே ஒரே வரி: ஏதும் வரவில்லை. அந்த வரியைப் படித்தபோது வந்த வேதனை இன்னும் எனக்கு ஆறவில்லை. அந்தக் காகிதம் ஆட்சேபத்துக்காகக் காத்திருந்த நாள்களிலும் நாங்கள் அங்கேதான் ஆடிக்கொண்டிருந்தோம்.

பாளையங்கோட்டையில் அண்ணா விளையாட்டரங்கம் இருக்கிறது, வ.உ.சி. மைதானம் இருக்கிறது, போதாதா என்று கேட்பீர்கள். தச்சநல்லூர்ப் பையன் பள்ளிக்கூடம் விட்டு வந்து, பந்தோடு ஜங்ஷனில் பஸ் மாறி, அங்கே போய்ச் சேரும்போது இருட்டிவிடும். கோடையில் குளம் வற்றினால் குளத்துக்குள்ளேயே ஆடுகிறார்கள். ஐப்பசி மழைக்கு அதுவும் போய்விடும்.

நம்மிடம் சட்டம் இல்லாமல் இல்லை. தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் 1971ஆம் வருஷத்தது. ஒரு நகரத்துக்கு முழுமைத் திட்டம் தயாரித்தால் அரசிதழிலும் நாளிதழிலும் அறிவித்து, ஆட்சேபம் சொல்ல இரண்டு மாதத்துக்குக் குறையாமல் அவகாசம் தர வேண்டும் என்று அதில் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் எழுதலாம். அங்கே நிலம் வைத்திருக்க வேண்டியதில்லை. பத்தாயிரம் சதுர மீட்டருக்கு மேல் மனை பிரித்தால், ரோடு போக மீதியில் நூற்றுக்குப் பத்து திறந்தவெளியாக உள்ளாட்சிக்குத் தானமாக எழுதிக் கொடுக்க வேண்டும். அதற்குப் பதிலாகப் பணம் கட்டித் தப்பிக்க முடியாது. ஓ.எஸ்.ஆர். இடம் என்பார்களே, அதுதான். உங்கள் தெருவுக்குப் பக்கத்தில் வேலி போட்டு, சீமைக்கருவேலம் முளைத்து, குப்பை கொட்டிக் கிடக்கும் காலி இடம் ஒன்று இருந்தால், அது ஊருக்கு எழுதிக் கொடுத்த இடமா என்று ஒருமுறை விசாரியுங்கள்.

உங்கள் மகனை வைத்தே விசாரியுங்கள். பிரைட்டன் ஆட்டக்காரர்கள் பதினொரு பேர் பெயரையும் தூக்கத்தில் சொல்பவனுக்கு ஒரு சர்வே எண்ணை மனப்பாடம் செய்வது கஷ்டமில்லை. தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தோடு எழுதிக் கேட்டால் முப்பது நாளில் பதில் தர வேண்டும். மனுவில் சர்வே எண், வார்டு எண், மனைப்பிரிவின் பெயர் மூன்றும் இருக்கட்டும். 'எங்கள் பகுதியில் உள்ள காலி இடம்' என்று பொதுவாக எழுதினால் பொதுவான பதில்தான் வரும். பதில் வந்ததும் அதை எடுத்துக்கொண்டு வார்டின் பகுதி சபைக் கூட்டத்துக்குப் போகட்டும். கிராம சபை மாதிரி, 2022 முதல் அப்படி ஒன்று நம் நகரங்களிலும் நடக்கிறது. பாதி நாற்காலி காலியாகக் கிடக்கும். கூட ஆடுகிற பையன்கள் இருபது பேரையும் கூட்டிக்கொண்டு போனால் கவுன்சிலர் நின்று பதில் சொல்வார். கொடுத்த மனுவுக்குக் கையெழுத்துப் போட்ட நகல் வாங்காமல் திரும்பி வரக் கூடாது.

நெல்லை மாநகராட்சியில் 55 வார்டு. அடுத்த தேர்தலில் அவனுக்கு ஓட்டு உண்டு. இருபத்தொரு வயது ஆகியிருந்தால் அவனே நிற்கலாம். அப்படி நின்றால், நோட்டீஸ் கொடுக்க நீங்களும் கூடப் போங்கள்.