கை நடுங்கினாலும் பேசலாம்: மேடைக்கும் கூட்டத்துக்குமான கேள்வி பதில்

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கமிருந்து வந்த கேள்விகள். ஒரே விஷயத்தைக் கேட்டவற்றைச் சேர்த்துவிட்டேன்.

ரீச்சர், பேப்பரைப் பாத்துத்தான் வாசிக்கிறன். எண்டாலும் கை நடுங்குது, குரலும் சேந்து நடுங்குது. (மாதர் சங்கச் செயலாளர், ஆரையம்பதி)

தங்கச்சி, முதலில் அந்தத் தாளை மாற்றுங்கள். மெல்லிய தாளில் விரல் சற்று அசைந்தாலே நுனி படபடக்கும். அதைக் கண்டதும் பயம் இன்னும் ஏறும். உள்ளங்கை அளவு கெட்டி அட்டை போதும், பழைய கலியாணக் கார்ட்டை வெட்டினாலும் சரி. ஓர் அட்டைக்கு ஐந்து வரி, அதுவும் குறிச்சொல் மட்டும். முதல் இரண்டு வசனத்தையும் கடைசி வசனத்தையும் மட்டும் முழுதாக எழுதிப் பாடமாக்குங்கள். நடுக்கம் உச்சத்தில் இருப்பது முதல் அரை நிமிடம். அந்த நேரத்தில் யோசிக்க வேண்டியிருக்கக் கூடாது.

குரல் நடுங்குவது மூச்சு மேல் நெஞ்சில் நிற்பதால். பேர் கூப்பிடுமுன், கதிரையில் இருக்கும்போதே வயிற்றில் கை வைத்து, நாலு எண்ணும்வரை இழுத்து எட்டு எண்ணும்வரை விடுங்கள். ஐந்து தரம். தோள் உயர்ந்தால் பிழை, கைதான் உயர வேண்டும்.

விபுலாநந்த அடிகளார் பற்றி 5 நிமிஷம் பேசணும். பாடமாக்கினா நடுவில மறந்துபோகுது ரீச்சர். (உயர்தர மாணவி, காரைதீவு)

மகள், சங்கிலியாகப் பாடமாக்கினால் ஒரு வளையம் விட்டதும் எல்லாம் போகும். பேச்சை மூன்று துண்டாக்கி, மூன்றாவதிலிருந்து ஒத்திகை தொடங்குங்கள். பிறகு இரண்டாவது, கடைசியாக முதலாவது. எந்த இடத்தில் விட்டாலும் அடுத்த துண்டுக்குள் நேரே இறங்கலாம். மேடையில் மறந்தால் கடைசியாகச் சொன்ன வசனத்தையே மெதுவாகத் திருப்பிச் சொல்லுங்கள். சபைக்கு அது அழுத்தமாகத்தான் கேட்கும். மன்னிப்புக் கேட்க வேண்டாம்.

இன்னொன்று. "1892இல் காரைதீவில் பிறந்தார்" என்று தொடங்காதீர்கள். காரைதீவுச் சபைக்கு அது தெரியும். 1947 யூனில் தொடங்குங்கள்: திருக்கொள்ளம்பூதூரில், பழந்தமிழ் இசைக் கருவியான யாழை ஆராய்ந்து அவர் எழுதிய யாழ் நூல் அரங்கேறுகிறது, அடுத்த மாதம் 19ஆந் திகதி அவர் இல்லை. அத்தனை ஆண்டு எதைத் தேடினார் என்று கேட்டுவிட்டுப் பின்னோக்கிப் போங்கள். கல்லடி உப்போடையில் சிவானந்தா வித்தியாலயம், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியர் பதவி, இரண்டும் அந்தத் தேடலோடு சேர்ந்து வரட்டும்.

எழுத்தில் 400 முதல் 450 சொல்லுக்குள் நில்லுங்கள். நின்றுகொண்டு போனில் பதிந்து நேரம் பாருங்கள். இருந்து வாசித்தால் கணக்குப் பிழைக்கும்.

மைக் ஏன் கீச்சிடுது? (விளையாட்டுக் கழகம், கல்முனை)

ஸ்பீக்கர் பொக்ஸில் வரும் சத்தம் திரும்ப மைக்குக்குள் போவதால். பொக்ஸுக்கு முன்னால் நிற்காதீர்கள், பின்பக்கம் நில்லுங்கள். வலைத் தலையைக் கையால் பொத்தினால் எல்லாப் பக்கச் சத்தமும் உள்ளே போய்க் கீச்சு கூடும், தண்டைப் பிடியுங்கள். வாய்க்கும் மைக்குக்கும் நாலு விரல் இடைவெளி. நாடிப் பக்கமாகச் சற்றுச் சரித்தால் 'ப' சொல்லும்போது காற்று அடிக்காது. தலையைத் திருப்பினால் மைக்கும் கூடவே திரும்ப வேண்டும்.

எங்கட கமக்காரர் அமைப்புக் கூட்டம் எப்பவும் சண்டையிலதான் முடியுது. நான்தான் தலைவர். (உன்னிச்சைப் பக்கம்)

அண்ணன், தலைவருடைய பேச்சில் பாதி கூட்டத்துக்கு முதல் நாளே நடக்க வேண்டும். எதிர்ப்பார்கள் என்று தெரிந்த இரண்டு மூன்று பேரின் வீட்டு விறாந்தைக்குப் போய்க் கேளுங்கள். வெல்லப் போகாதீர்கள், குறை என்ன என்று அறியப் போங்கள்.

கூட்டத்தில் முதல் வசனமே முடிவு எதைப் பற்றி என்று சொல்லட்டும்: "இண்டைக்கு வாய்க்கால் துப்புரவு ஒண்டுதான். எந்தத் திகதி, ஆருக்கு எந்தத் துண்டு." ஆளுக்கு இரண்டு நிமிடம். வாய்க்காலின் கடைசியில் வயல் உள்ளவர்களை முதலில் பேச விடுங்கள். தண்ணீர் பிந்துவது அவர்களுக்குத்தான். கடைசி வரை காத்திருக்க வைத்தால் கோபம் முற்றித்தான் வாய் திறப்பார்கள்.

ஒருவர் சத்தம் போட்டால் உங்கள் குரலைத் தாழ்த்துங்கள். பதில் சொல்லாமல், அவருடைய சொல்லையே திருப்பிச் சொல்லுங்கள்: "போன சிறுபோகத்தில உங்கட வயலுக்குத் தண்ணி பிந்தி வந்தது. அதுதானே?" அவர் "ஓம்" என்னும்வரை பொறுங்கள். தன் குறை காதில் விழுந்ததா என்று தெரியாதவர்தான் திரும்பத் திரும்பக் கத்துவார். முந்திப் பதில் சொன்னால் அதே குறையை இன்னும் உரத்துச் சொல்வார். இங்கேதான் பெரும்பாலான தலைவர்கள் சறுக்குகிறார்கள்.

"எல்லாரும் சேர்ந்து செய்வம்" முடிவல்ல. ஆளின் பேர், வேலை, திகதி மூன்றும் வேண்டும்: "முதலாம் மதகிலிருந்து இரண்டாம் மதகு வரை, வெள்ளிக்கிழமை பகல் 12 மணிக்கு முன்." பொறுப்பெடுத்தவர் அதைத் தன் வாயாலேயே சபைக்குச் சொல்லட்டும். கலையுமுன் கூட்டக் குறிப்பை உரக்க வாசியுங்கள்.

அம்பாறையில் தமிழ், முஸ்லிம், சிங்கள ஆக்கள் சேர்ந்த கூட்டம். மொழிபெயர்ப்பாளர் இருக்கிறார். (இளைஞர் கழகம், அக்கரைப்பற்று)

இரண்டு வசனம் பேசி நிறுத்துங்கள், அதற்கு மேல் அவர் நினைவில் வைக்க வேண்டியிராது. எண்கள், திகதிகள், ஊர்ப் பெயர்களை முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள், பிழைபடுவது அவைதான். பழமொழி, சிலேடை வேண்டாம். அவர் பேசும்போது அவரைப் பார்க்காமல் சபையைப் பாருங்கள். மூன்று சமூகத்தாரின் முறையிலும் வணக்கம் சொல்வதானால் உச்சரிப்பை ஒருவரிடம் சரிபார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

கோயில் விழாவில 14 பேரை விளிக்கச் சொல்லுறாங்க. (களுவாஞ்சிக்குடி)

பேருக்கு நாலு செக்கன் என்றாலே ஒரு நிமிடம் போய்விடும். குருக்கள், வண்ணக்கர் (கோயில் நிருவாகப் பொறுப்பாளர்), தலைவர், பிரதம விருந்தினர், இவர்களை மட்டும் தனியாக விளித்தால் போதும். மிகுதியை வகையாகச் சேர்த்து விளியுங்கள். பதின்மூன்று பேரைச் சொல்லி ஒருவரை விட்டால்தான் மனம் நோகும். வரிசையை ஏற்பாட்டாளரிடம் எழுதி வாங்குங்கள்.

பழக இடமில்லை, என்ன செய்வம்? (பலர்)

ஆறு பேரும் ஒரு வாசிகசாலை அறையும் போதும். 1924இல் கலிபோர்னியாவில் தொடங்கிய டோஸ்ட்மாஸ்டர்ஸ் என்ற பேச்சுப் பயிற்சிக் கழகங்களின் முறையை அப்படியே எடுக்கலாம்: 5 முதல் 7 நிமிடப் பேச்சு, 5இல் பச்சை அட்டை, 6இல் மஞ்சள், 7இல் சிவப்பு. ஒருவர் நேரம் பார்ப்பார், ஒருவர் "வந்து", "அதாவது" எத்தனை தரம் வந்தது என்று கோடு போடுவார், ஒருவர் குறை நிறை சொல்வார். குறை ஒன்றே ஒன்று சொல்லட்டும், அடுத்த கிழமை அந்த ஒன்று திருந்தியதா என்று மட்டும் பார்க்கட்டும்.