மனைப் பிரிவும் மின்கம்பச் செலவும்: வாசகர் கேள்விகளுக்குச் சட்டப் பதில்கள்

கேள்வி: தஞ்சாவூர் மாவட்டத்தில் எங்கள் தாத்தாவின் 36 சென்ட் நிலத்தை 2016இல் சகோதரர்கள் மூவரும் ஆளுக்கு 12 சென்ட்டாகப் பாகப்பிரிவினை செய்து, உட்பிரிவுப் பட்டாவும் பெற்றோம். 2019இல் முதலில் வீடு கட்டியவன் நான். மனை சாலையிலிருந்து உள்ளடங்கி இருப்பதால், மின்வாரிய அலுவலகம் கொடுத்த மதிப்பீட்டின்படி ரூ.84,000 கட்டி, 12 அடிப் பொதுவழி ஓரமாக மூன்று கம்பங்கள் நடச் செய்தேன். ஊராட்சிக் குடிநீருக்கும் சாலையிலிருந்து என் செலவிலேயே குழாய் பதித்தேன். தம்பி தன் பங்கை வெளியாருக்கு விற்றுவிட்டான். வாங்கியவர் இரண்டாவது கம்பத்திலிருந்து இணைப்புக்கு விண்ணப்பித்திருக்கிறார். மூன்றில் ஒரு பங்காக ரூ.28,000 கேட்டால், 'கம்பம் உங்கள் சொத்தா?' என்கிறார். குடிநீர்க் குழாயிலும் இணைத்துக்கொள்ளப் போகிறாராம். தடுக்க முடியுமா? பணம் கிடைக்குமா?

பதில்: உங்கள் மனத்தாங்கல் நியாயமானது. ஆனாலும் கம்பத்தையும் குழாயையும் சட்டம் ஒரே கண்ணால் பார்ப்பதில்லை என்பதால், இரண்டையும் தனித்தனியே பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலில் கம்பம். 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 43ஆவது பிரிவின்படி, ஓர் இடத்தின் உரிமையாளரோ அங்கு குடியிருப்பவரோ விண்ணப்பித்தால் அவருக்கு மின்சாரம் வழங்குவது விநியோக நிறுவனத்தின் கடமை. அந்த இணைப்புக்காகக் கம்பியிழுக்கவும் கம்பம் நடவும் ஆகும் நியாயமான செலவை விண்ணப்பதாரரிடம் வசூலிக்க 46ஆவது பிரிவு இடம் தருகிறது. ஆகவே நீங்கள் கட்டிய ரூ.84,000 உங்களுக்கு மின்சாரம் கொண்டுவந்து சேர்த்த செலவே தவிர, மூன்று கம்பங்களை விலைக்கு வாங்கிய தொகை அன்று. மீட்டர் வரையிலான பாதை நிறுவனத்தின் சொத்து. உங்கள் வீட்டு மின்னழுத்தம் குறையாதபடி அதிலிருந்து அடுத்தவருக்கு இணைப்புக் கொடுக்க அதற்கு உரிமை உண்டு. 2018 நவம்பரில் கஜா புயல் உங்கள் பகுதியில் ஆயிரக்கணக்கான கம்பங்களைச் சாய்த்தபோது, அவற்றை மறுபடி நட்டுக் கம்பியிழுத்தது மின்வாரியம்தான் என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும். கம்பம் உங்களுடையது என்றால், நாளை அது விழும்போது தூக்கி நிறுத்தும் செலவும் உங்களுடையதாகிவிடும். எனவே இணைப்பைத் தடுக்க முடியாது. கோபத்தில் வேலையை மறிப்பதோ கம்பியில் கை வைப்பதோ உங்களைக் குற்றவாளியாக்கிவிடும் என்பதைக் கவலையோடு சொல்கிறேன்.

பணம் கேட்கலாமா என்பது அடுத்தது. இத்தகைய வழக்குகளில் 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 70ஆவது பிரிவைத்தான் எல்லோரும் தேடிப் போகிறார்கள். இலவசமாகச் செய்யும் எண்ணமில்லாமல் ஒருவர் சட்டப்படி மற்றொருவருக்காக ஒன்றைச் செய்து, அதன் பலனை அந்த மற்றொருவர் அனுபவித்தால், அவர் ஈடு தர வேண்டும் என்கிறது அது. மேற்கு வங்க அரசுக்கும் பி.கே. மண்டல் நிறுவனத்துக்கும் இடையிலான வழக்கில் உச்ச நீதிமன்றம் இப்பிரிவை விரிவாக விளக்கி, பலனை ஏற்கவும் மறுக்கவும் எதிர்த்தரப்புக்கு வாய்ப்பு இருந்திருக்க வேண்டும் என்று சொன்னது. நீங்கள் கம்பம் நட்ட 2019இல் அந்த மனை உங்கள் தம்பியுடையது. வாங்கியவர் யாரென்றே உங்களுக்குத் தெரியாது. கம்பம் உங்கள் வீட்டுக்காக நடப்பட்டது. 'அவருக்காகச் செய்தேன்' என்று நிரூபிக்க முடியாத நிலையில், ரூ.28,000க்காக வழக்குத் தொடரும்படி நான் உங்களுக்குச் சொல்ல மாட்டேன்.

இது சட்டத்தில் உள்ள குறை என்றே கருதுகிறேன். பிரிட்டனில் 2017ஆம் ஆண்டு விதிகளின்படி, ஒருவர் முழுச் செலவில் போட்ட மின்பாதையைப் பத்தாண்டுகளுக்குள் இன்னொருவர் பயன்படுத்த வந்தால், பின்னால் வந்தவரிடம் ஒரு பங்கை வசூலித்து முன்னவருக்கு மின்நிறுவனமே திருப்பித் தர வேண்டும். மனைகள் துண்டு துண்டாகப் பிரிந்துகொண்டே போகும் நம் ஊருக்கு அப்படியொரு விதி கட்டாயம் வேண்டும். அது வரும்வரை நம் கையில் இருப்பது பத்திரம் மட்டுமே. பாகப்பிரிவினைப் பத்திரங்களில் 'வழிநடை, வண்டிப்பாதை, நீர்ப்பாத்தியம் உள்ளிட்ட சகல பாத்தியங்களும்' என்று அந்தக் காலத்து வாசகத்தை அப்படியே எழுதிவிடுகிறார்கள். கம்பம் எந்த ஓரத்தில் வரும், கம்பம் சாயாமல் இழுத்துப் பிடிக்கும் ஸ்டே கம்பி யார் மனையின் மூலையில் இறங்கும், முதலில் வீடு கட்டுகிறவர் போடும் பணத்தில் பின்னால் கட்டுகிறவர்கள் எவ்வளவு தர வேண்டும் என்று ஒரு வரி இருப்பதில்லை. உங்களுடைய இன்னொரு சகோதரர் இன்னும் வீடு கட்டவில்லை என்றால், அவரோடு இப்போதே இதை எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அவரும் நாளை மனையை விற்கக்கூடும்.

குழாயில் உங்கள் நிலை பலமானது. ஊராட்சியின் பொதுக் குழாயிலிருந்து உங்கள் வீட்டுக்கென்று உங்கள் பணத்தில் பதித்த குழாய், வேறு ஏற்பாடு எழுதப்படாதவரை உங்களுடையது. உங்கள் சம்மதமில்லாமல் அதைத் துளைத்து இணைக்க அவருக்கு உரிமையில்லை. பொதுவழியில் அவருக்கும் பங்கு இருந்தால், ஊராட்சி அனுமதியோடு தனக்கென்று ஒரு குழாயை அதில் பதித்துக்கொள்ளலாம். பள்ளம் தோண்டும் கூலி, குழாய் விலை எல்லாம் அவர் பொறுப்பு. பேச்சுவார்த்தையை இங்கிருந்து தொடங்குங்கள். உங்கள் ரசீதுகளை எடுத்து வைத்து, குழாய்ச் செலவில் ஒரு பங்கைப் பெற்றுக்கொண்டு, நீர் அழுத்தம் போதுமானால் இணைப்புக்கு ஒப்புக்கொண்டு, பழுதுச் செலவை யார் எவ்வளவு ஏற்பது என்றும் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். அவர் இந்தச் சம்மதத்தைப் பணம் கொடுத்துப் பெறுவதால், இதற்குப் பின் இணைப்பை எடுத்துக்கொண்டு தொகையை மறுத்தால் உங்கள் வழக்கு உறுதியானது. பேச்சு முறிந்தால் வட்டச் சட்டப் பணிகள் குழுவில் மனுக் கொடுங்கள். அக்குழு நடத்தும் மக்கள் நீதிமன்றத்தில் ஏற்படும் சமரசம் 1987ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டத்தின் 21ஆவது பிரிவின்படி நீதிமன்றத் தீர்ப்பாணைக்கு இணையானது. அதன்மேல் மேல்முறையீடு கிடையாது.

கேள்வி: திருவண்ணாமலை அருகே ஒருவரின் மனையில் பின்பாதியை 2014இல் என் கணவர் வாங்கினார். முன்மனையின் ஓரத்தில் 5 அடி நடைபாதை பத்திரத்தில் இருக்கிறது. முன்மனைக்காரர் வாய்மொழியாகச் சம்மதித்ததால், மின்கம்பியை அவர் மனைக்கு மேலாகவும் குடிநீர்க் குழாயை அடியிலும் கொண்டுவந்தோம். இப்போது அந்த மனை கைமாறிவிட்டது. புதிய உரிமையாளர் இரண்டையும் எடுக்க வேண்டும், அல்லது ரூ.2 லட்சம் தர வேண்டும் என்கிறார்.

பதில்: வாய்ச்சொல்லை நம்பிப் பணம் போட்ட குடும்பங்களுக்கு நேரும் துயரம் இது. நீங்கள் பதற வேண்டாம், அம்மா. அவர் தாமாகக் கம்பியை அறுக்க முடியாது.

அடுத்தவர் நிலத்தில் ஒருவருக்கு உள்ள வழி, நீர் போன்ற உரிமைகளைப் பற்றிய 1882ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டம் முதலில் நடைமுறைக்கு வந்த பகுதிகளில் சென்னை மாகாணமும் ஒன்று. மின்கம்பியை அறியாத காலத்தில் எழுதப்பட்டிருந்தாலும், இன்றைய சண்டைகளுக்கும் அதில்தான் விடை தேடுகிறோம். ஒரே உரிமையாளரின் நிலம் பிரிந்து விற்கப்படும்போது, விற்ற பகுதியை அனுபவிக்க மீதிப் பகுதியில் ஓர் உரிமை இன்றியமையாததாக இருந்தால், வாங்கியவருக்கு அது கிடைக்கும் என்கிறது 13ஆவது பிரிவு. வேறு வழியே இல்லாத நிலையைத்தான் நீதிமன்றங்கள் இன்றியமையாமை என்கின்றன. வேறு வழி வசதிக் குறைவானது என்பது மட்டும் போதாது. உங்களுக்கு 5 அடிப் பாதை இருப்பதால் இந்த வாதத்தில் முழுப் பலம் இல்லை. பழையவர் கொடுத்த வாய்மொழிச் சம்மதம் வெறும் அனுமதி என்றும், 59ஆவது பிரிவின்படி அது தம்மைக் கட்டுப்படுத்தாது என்றும் புதியவர் சொல்வார். அனுமதியை நம்பிப் பணம் செலவழித்து நிலையான பணி செய்திருந்தால் அதை ரத்து செய்ய முடியாது என்ற 60ஆவது பிரிவை உங்கள் வழக்கறிஞர் காட்டுவார். மண்ணுக்கடியில் உள்ள குழாய்க்கு அந்த வாதம் ஓரளவு பொருந்தும்; காற்றில் தொங்கும் கம்பிக்குப் பொருந்துவது கடினம்.

எனவே வருடக்கணக்கில் வழக்காடுவதை விட, கம்பியையும் குழாயையும் 5 அடிப் பாதைக்கு மாற்றுவதே நல்லது. அடுத்தவர் இடத்தைக் கடந்து இணைப்புப் பெறுவதற்கான அனுமதியை விண்ணப்பதாரரே தம் செலவில் ஏற்பாடு செய்ய வேண்டும் என்றுதான் தமிழ்நாடு மின்பகிர்மான விதித்தொகுப்பும் சொல்கிறது. பாதை நடப்பதற்கு மட்டும் எழுதப்பட்டிருந்தால், 'மின்கேபிள், குடிநீர்க் குழாய் பதித்துப் பராமரிக்கவும்' என்ற சொற்களைச் சேர்த்து ஒரு பத்திரம் எழுதிப் பதிவு செய்யுங்கள். அப்போது அது வில்லங்கச் சான்றிதழில் தெரியும். அந்த மனை எத்தனை முறை கைமாறினாலும் உங்களுக்குக் கவலையில்லை. இதற்கு ஒரு நியாயமான தொகை தரலாம். ரூ.2 லட்சம் எந்த நட்டத்தோடும் பொருந்தவில்லை. எந்த இழப்புக்காக அதைக் கேட்கிறார் என்று எழுத்தில் கேளுங்கள்.

பதிக்கும் செலவும் பழுதுச் செலவும் உரிமையை அனுபவிப்பவருடையவை என்று வசதியுரிமைச் சட்டத்தின் 25ஆவது பிரிவு தெளிவாகச் சொல்வதால், அவரிடம் பங்கு கேட்காதீர்கள். 24ஆவது பிரிவு ஓர் உதாரணம் தருகிறது: அடுத்தவர் நிலத்தில் தண்ணீர்க் குழாய் பதிக்கும் உரிமை உள்ளவர், அதைச் சரிசெய்ய உள்ளே சென்று தோண்டலாம், ஆனால் மேற்பரப்பைப் பழையபடி ஆக்கிவிட வேண்டும். பள்ளம் தோண்டும் நாளன்று நீங்களே அருகில் நின்று, மண்ணை மூடித் தண்ணீர் ஊற்றி இறுக்கச் சொல்லுங்கள். ஒரு பக்கம் கோபம் தணிய அதுவும் உதவும்.

கேள்வி: பக்கத்து மனையில் வீடு கட்டுகிறார்கள். அவர்களுக்கு இணைப்பு வரும்வரை என் மீட்டரிலிருந்து ஒயர் இழுத்துக்கொண்டு, ஆகும் கட்டணத்தைத் தந்துவிடுவதாகச் சொல்கிறார்கள். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். அனுமதிக்கப்பட்ட இடத்துக்கு வெளியே மின்சாரத்தைப் பயன்படுத்துவது மின்சாரச் சட்டத்தின் 126ஆவது பிரிவில் வருகிறது. பொருந்தும் கட்டண விகிதத்தைப் போல் இருமடங்கு கணக்கிடுவார்கள். தொடங்கிய நாள் தெரியாவிட்டால் ஆய்வுக்கு முந்தைய 12 மாதங்களுக்கும் கணக்கிடுவார்கள். அந்தத் தொகையைக் கட்டச் சொல்லும் கேட்பு உங்கள் இணைப்பு எண்ணுக்குத்தான் வரும், பக்கத்து வீட்டுக்காரருக்கு அன்று. கட்டுமானத்துக்கென்று தற்காலிக இணைப்பு பெறும்படி அவர்களிடம் சொல்லுங்கள். குடிக்கவும் சமைக்கவும் தண்ணீர் வேண்டுமானால் உங்கள் குழாயில் பிடித்துக்கொள்ளட்டும்.