வெனிலா எசென்ஸைக் குடித்துவிட்ட குழந்தை

கேள்வி: என் மகனுக்கு நாலு வயது, எடை 14 கிலோ. நேற்று சாயங்காலம் கேக்குக்கு வைத்திருந்த வெனிலா எசென்ஸில் இரண்டு மூடி குடித்துவிட்டான். ஆச்சி உப்புத்தண்ணி கொடுத்து வாந்தி எடுக்க வைத்தார்கள். இன்று நன்றாக விளையாடுகிறான். ‘அது கெமிக்கல்’ என்கிறார்கள். இனி அசல் வெனிலாக் காயில் எடுத்ததை வாங்கட்டுமா?
– வாசகி, அம்பாசமுத்திரம்

பதில்: ஒரு நாள் கழித்தும் விளையாடுகிறான், சாப்பிடுகிறான் என்றால் எசென்ஸால் இனி ஆபத்தில்லை அம்மா. உப்புத்தண்ணியை மட்டும் இனி யாருக்கும் கொடுக்க வேண்டாமென்று ஆச்சியிடம் சொல்லுங்கள். ஒரு மேசைக்கரண்டி உப்பே சின்னக் குழந்தையின் உயிருக்கு உலை வைத்துவிடும். வாந்தி மூச்சுக்குழலில் ஏறினால் அது தனித் தொல்லை.

வெனிலா என்பது ஆர்க்கிட் வகைக் கொடி. பச்சைக் காயில் மணமே இராது. வாட்டிப் பதப்படுத்தும்போதுதான் மணம் தரும் வெனிலின் என்ற பொருள் பிரிந்து வரும், காய்ந்த காயின் எடையில் சுமார் 2 சதவீதம். 1874-லேயே அதை ஆய்வகத்தில் செய்துவிட்டார்கள். காயில் இருந்தாலும் ஆலையில் செய்தாலும் மூலக்கூறு ஒன்றுதான். உடல் எடையில் கிலோவுக்கு தினமும் 10 மில்லிகிராம் வெனிலின் வரை பாதகமில்லை. உங்கள் பையனுக்கு 140 மில்லிகிராம்.

பயம் வெனிலினில் இல்லை, அதைக் கரைத்திருக்கும் திரவத்தில். அசல் காய்ச்சாறு பெரும்பாலும் 35 சதவீத ஆல்கஹாலில்தான் எடுக்கப்படுகிறது. அதில் 30 மில்லி முழுதும் உள்ளே போனால் 8 கிராமுக்கு மேல் ஆல்கஹால்! குழந்தையின் கல்லீரலில் சர்க்கரைச் சேமிப்பு குறைவு. புதிதாகச் சர்க்கரை தயாராவதையும் ஆல்கஹால் தடுக்கும். அதனால் சில மணி நேரத்தில் ரத்தச் சர்க்கரை இறங்கி மயக்கம், வலிப்பு வரலாம். மலிவு எசென்ஸில் ஆல்கஹாலுக்குப் பதில் பெரும்பாலும் புரொப்பிலீன் கிளைக்கால் என்ற கரைப்பான் திரவம் இருக்கும். இரண்டு மூடிக்கு அது பெரிதாக எதுவும் செய்யாது. ஆக, ‘அசல்’ வாங்கினால் உங்கள் வீட்டில் ஆபத்து கூடத்தான் செய்யும்.

மறுபடி நடந்தால் வாயைத் துடைத்துவிடுங்கள். நன்றாக விழித்திருந்தால் மட்டும் சர்க்கரை போட்ட பால், பிறகு இட்லி. தள்ளாட்டம், குளறல், வேர்வை, அசாதாரணத் தூக்கம் தெரிந்தால் ‘தூங்கட்டும்’ என்று விடாதீர்கள். வாயில் எதுவும் ஊற்றாமல் 108-ஐக் கூப்பிடுங்கள். ஆல்கஹால் கலந்த எசென்ஸை நிறையக் குடித்திருந்தால் அறிகுறிக்காகக் காத்திருக்க வேண்டாம். பாட்டிலையும் கொண்டுபோங்கள், லேபிளைப் பார்த்துத்தான் அளவு கணக்கிட முடியும். அம்பை அரசு மருத்துவமனையிலேயே விரல்நுனி ரத்தத்தில் சர்க்கரை பார்த்து, குறைந்திருந்தால் குளுக்கோஸ் ஏற்றுவார்கள். தேவைப்பட்டால் ஹைகிரவுண்டுக்கு, அதாவது திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு, அனுப்புவார்கள்.

வாங்கும்போது 20 மில்லி பாட்டிலாக, ஆல்கஹால் இல்லாததாகப் பார்த்து வாங்குங்கள். கேக் வாசனை அடிக்கிற பாட்டில், அடுப்படி மேடையில் வைத்தால் பையன் விடவே மாட்டான். மருந்துகளோடு பூட்டி வையுங்கள்.