நோய்க்குக் காரணமாகக்கூடிய மாசுகளை எப்படிச் சலித்தெடுக்கிறார்கள்?

ஒரு மாசை மட்டும் சந்தேகிக்காமல், இரத்தத்திலும் சிறுநீரிலும் அளக்க முடிந்த எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக நோயோடு ஒப்பிடுவதுதான் இந்த முறை. பந்தியில் சாப்பிட்டவர்களுக்கு வயிறு கெட்டால், சாம்பாரை மட்டும் குறைசொல்லாமல், இலையில் விழுந்த ஒவ்வொன்றையும் யார் சாப்பிட்டார், யார் தொடவில்லை என்று விசாரிப்பதுபோல.

2010-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் 266 காரணிகளை இப்படி இரண்டாம் வகை நீரிழிவோடு ஒப்பிட்டார்கள். ஹெப்டாகுளோர் பூச்சிக்கொல்லியின் எச்சமும் பழைய மின்மாற்றி எண்ணெயில் பயன்பட்ட பிசிபி வேதிப்பொருள்களும் மேலே வந்தன. சிக்கல் இங்கேதான்: 5% பிழையை அனுமதித்தால், எந்தத் தொடர்பும் இல்லாவிட்டாலும் சுமார் 13 காரணிகள் தற்செயலாகவே தேறிவிடும். அதனால் வரம்பை இறுக்கி, வேறு ஆண்டுகளில் திரட்டிய தரவிலும் அதே தொடர்பு தெரிகிறதா என்று பார்ப்பது கட்டாயம். வயது, பாலினம், உடல் எடையின் பாதிப்பையும் கழிக்க வேண்டும்.

தேறிய மாசுதான் நோயை உண்டாக்கியது என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். அது சந்தேகப் பட்டியல் மட்டுமே, கொழுப்பில் தேங்கும் மாசின் அளவு உடல் பருமனாலேயே மாறித் தெரியலாம்.