கருவியை மாட்டிவிட்டு பெரா எடுத்தால் என்ன தெரியும்?

கேள்வி: என் மகனுக்கு ஐந்து மாதம். பிறவியிலேயே இரண்டு காதுத் துளையும் மூடியிருக்கிறது. தலையில் பேண்ட் கட்டி, எலும்பு வழியாகக் கேட்கும் கருவி மாட்டியிருக்கிறோம். ஓரிடத்தில் அதை மாட்டியபடியே பெரா டெஸ்ட் (சத்தம் கொடுத்து, கேட்கும் நரம்பிலும் மூளைத் தண்டிலும் எழும் மின் அலையைப் பதிவுசெய்வது) எடுத்து, அலையே வரவில்லை, கருவியால் பலனில்லை என்கிறார்கள். கழற்றிவிடலாமா? அவனுக்கு எவ்வளவு கேட்கிறது என்று எப்படித்தான் தெரிந்துகொள்வது?

பதில்: தயவுசெய்து கழற்றிவிடாதீர்கள். அந்த டெஸ்ட்டை வைத்து அப்படி ஒரு முடிவுக்கு வர முடியாது.

பெராவில் கொடுக்கும் 'டிக்' சத்தம் நொடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு நேரம்தான் இருக்கும். உங்கள் மகனின் கருவி பேச்சுக்காகச் செய்தது. இவ்வளவு குட்டியான சத்தத்தை அது இரைச்சல் என்று எடுத்துக்கொண்டு அமுக்கிவிடலாம். உள்ளே வாங்கிய ஒலியைச் சில மில்லிநொடி தாமதித்துத்தான் அதிர்வாக வெளியே விடும். பெரா பார்ப்பதோ முதல் பத்துப் பதினைந்து மில்லிநொடியை. போதாததற்கு, கருவியின் மின்காந்த அதிர்வு பக்கத்திலேயே ஒட்டியிருக்கும் எலெக்ட்ரோடில் (அலையைப் பதிவுசெய்யத் தலையில் ஒட்டும் சின்ன உணரி) ஏறி அலையைக் குழப்பிவிடும்.

முதலில் கருவி இல்லாமல் எலும்பு வழி பெரா எடுக்கச் சொல்லுங்கள். பையன் தூங்கும்போது காதுக்குப் பின்னால், சற்று மேலே, சின்ன அதிர்வான் ஒன்றை எலாஸ்டிக் பட்டையால் சுமார் 400 கிராம் அழுத்தத்தில் வைப்பார்கள். தளர்ந்தால் அளவு தப்பிவிடும். பழைய ரிப்போர்ட்டை எடுத்துப் பாருங்கள்: 'ஏ.சி.' (காற்று வழி) அளவு மட்டும் இருந்து 'பி.சி.' (எலும்பு வழி) இல்லையென்றால், உள்காதை இன்னும் யாரும் சோதிக்கவில்லை என்று அர்த்தம். துளை மூடியிருப்பதால் மட்டுமே காற்று வழியில் 60 டெசிபல் வரை இழப்பு வரும். எலும்பு வழியில் 20 டெசிபலிலேயே அலை வந்தால் உள்காது நன்றாக இருக்கிறது. ஒரு பக்கம் வைத்த அதிர்வு இன்னொரு பக்க உள்காதுக்கும் போகும். அதனால் இரண்டு பக்கமும் எலெக்ட்ரோடு வைத்துப் பதிவுசெய்வது நல்லது.

அடுத்தது கருவி. மண்டையோடு போலவே நடந்துகொள்ளும் ஒரு சின்னப் பெட்டி இருக்கிறது. அதில் கருவியை மாட்டினால், எந்தச் சுருதியில் எவ்வளவு அதிர்வு தருகிறது என்று நேரடியாக அளக்கலாம். பேண்டில் இன்னொரு சிக்கல், தோல் அதிர்வை உறிஞ்சிவிடும், அதுவும் உயர்ந்த சுருதியில்தான் அதிகம். 'ஸ்', 'ஷ்' ஒலிகள்தான் முதலில் மங்கும். இதற்கு ஈடுகட்டி கருவியை ட்யூன் செய்திருக்கிறார்களா என்று கேளுங்கள்.

கருவியோடு கேட்பதை அளக்க மூளைப் புறணியின், அதாவது மூளையின் மேலடுக்கின், அலையைப் பதிவுசெய்யும் டெஸ்ட்தான் பொருத்தம். அதில் 'ம', 'க', 'த' போன்ற, 'டிக்' சத்தத்தைவிட நீண்ட ஒலிகளை ஸ்பீக்கரில் கொடுப்பார்கள். அலை வந்தால், அந்த ஒலி மூளைவரை போகிறது. வராவிட்டால் கேட்கவில்லை என்று அடித்துச் சொல்ல முடியாது, குழந்தை சிணுங்கினாலே அலை தொலைந்துவிடும். ஆறேழு மாதமானதும் சத்தம் வரும் பக்கம் திரும்பினால் பொம்மையில் விளக்கு எரியும் டெஸ்ட்டும் செய்யலாம். அப்போது கருவியோடு 25-30 டெசிபல் அளவில் திரும்பினால் எனக்குத் திருப்திதான்.

பெராவுக்குப் பால் குடித்து அயர்ந்து தூங்க வேண்டும், புறணி டெஸ்ட்டுக்கு நன்றாக முழித்துக்கொண்டு அமைதியாக இருக்க வேண்டும். ஒரே நாளில் இரண்டையும் வைக்காமல், இரண்டு நாளாகத் தேதி வாங்குங்கள்.